மஸ்ட் நுழையாத வாசல்

ஸ்பால்டிங்கில் மார்ச் மாதம்.
அன்னையர் ஞாயிற்றுக்கு இன்னும் ஒன்பது நாள்.
டாஃபடில் மொட்டுகள் பத்துப் பத்தாக
ரப்பர் வளையத்துக்குள் நுழைகின்றன,
சீவாத பச்சைப் பென்சில்கள்.
பதினைந்து நிமிட இடைவேளை.
குளிர் அறைக்கு வெளியே ரடோஸ்டினா
கிழித்த அட்டைப்பெட்டி மூடியில்
கடிதத்தின் முதல் பிரதியை எழுதுகிறாள்.
மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. வாளி தூக்க முடியவில்லை.
ஐ கேன் வொர்க் என்று தொடங்கி
வித்தவுட் மஸ்ட் லிஃப்ட் என்று முடித்து
பெவர்லியிடம் நீட்டுகிறாள்.

பெவர்லி பிறந்ததிலிருந்து
இந்த மொழியைத் தவிர வேறொன்றில்
தும்மியதுகூட இல்லை.
தப்பு, என்கிறாள்.
ஏன் தப்பு?
தெரியாது. சோற்றில் கல் கடிபடுகிற மாதிரி இருக்கிறது.

மஸ்ட் விறைத்த ஆள்.
நேற்றைக்கென்று அவனிடம் வேறு சட்டை கிடையாது.
வால் ஒட்ட விடமாட்டான்.
வித்தவுட், ஃப்ரம், ஆஃப், இன்ஸ்டெட் ஆஃப்,
இந்தக் குட்டை வாசல்களில்
குனியத் தெரியாமல் வெளியிலேயே நின்றுவிடுவான்.
அவனுக்குப் பதில் ஹேவ் வரும்.
வளைந்து ஹேவிங் ஆகும்,
ஒரு டு-வைக் கையில் பிடித்துக்கொண்டு
உள்ளே போய்விடும்.

இதையெல்லாம் பெவர்லி சொல்லவில்லை.
வித்தவுட் ஹேவிங் டு லிஃப்ட், என்றாள்.
சொல்லிவிட்டு சிப்ஸ் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தாள்.

ஹேவிங்?
ரடோஸ்டினாவின் பேனா நிற்கிறது.
ஹேவ் என்றால் இருப்பது.
எனக்கு ஒரு சைக்கிள் இருக்கிறது.
பிளெவனில் தங்கை இருக்கிறாள்.
இருமல் இருக்கிறது.
தூக்கியாக வேண்டியதும் என் சொத்தா?
எங்கள் மொழியில் அது யாருடையதும் இல்லை,
மழை மாதிரி.
பெய்யும். நனைவோம்.

இதைத் தமிழில் எழுதுகிற எனக்கு இங்கே ஒரு சங்கடம்.
வேண்டும் என்போம் நாம்.
தேநீருக்கும் அதே சொல், வாடகைக்கும் அதே சொல்,
சாமி முன் நிற்கையில் அதுவே வேண்டுதல்.
ஆசையாய்ப் போகிறாளா,
தலையெழுத்தே என்று போகிறாளா,
போக வேண்டும் என்பதை வைத்துச் சொல்ல முடியாது.
போதாததற்கு, தூக்க வேண்டி வந்தது என்போம்,
அதுவே பஸ் பிடித்து வந்து
கதவைத் தட்டியதுபோல.

பெவர்லி மெல்லுவதை நிறுத்தியிருக்கிறாள்.
கிளைவுக்குப் பக்கவாதம் வந்து பதினான்கு மாதம்.
ஆறு மணி மாத்திரை.
சவரம், மோவாயில் அந்த மச்சத்தைச் சுற்றி.
காலுறை, முதலில் மரத்த காலுக்கு.
நேற்று இரவு பாத்திரத் தொட்டியிடம் சொன்னாள்:
ஐ'ம் சிக் ஆஃப் ஹேவிங் டு.
எதை என்று சொல்லவில்லை.
வினை வராமலே குழாயை மூடிவிட்டாள்.
ஐம்பத்தெட்டு வருஷமாக ஹேவிங் வெறும் சத்தம்.
இப்போது இந்தப் பெண்
அதைத் தூக்கி எடை பார்க்கச் சொல்கிறாள்.

நிறைய இருக்கிறது என்னிடம், என்றாள் கடைசியில்.
ரடோஸ்டினாவுக்குப் புரியவில்லை.
சிப்ஸ் என்று நினைத்து ஒன்று எடுத்துக்கொண்டாள்.

மணி அடிக்கிறது.

மஸ்ட்டோடு நாட் சேர்ந்தால் கதவு சாத்தும்,
ஹேவ் டு-வோடு டோன்ட் சேர்ந்தால் கதவு திறக்கும்.
ரடோஸ்டினா இதைப் போன வருஷமே கற்றாள்,
கோழி ஆலையின் கழிப்பறை அறிவிப்பில்,
தப்பான கதவைத் திறந்த பிறகு.
அதனால் வரிசையில் குனிந்து
வாளியின் கைப்பிடியைத் தொட்டபோது
பின்னாலிருந்து வந்த
யூ டோன்ட் ஹேவ் டு
என்ன வகை என்று உடனே தெரிந்துவிட்டது.
ஆனாலும் விடவில்லை.
பெவர்லியும் விடவில்லை.
இரண்டு கையும் இழுத்ததில் வாளி சாய்ந்து
பெவர்லியின் இடது பூட்ஸுக்குள்
மூன்று டிகிரித் தண்ணீர்.

அவள் அப்போது சொன்ன சொல்
எந்த வாசலிலும் நுழையும்.
ரடோஸ்டினா அதை முதல் தடவையிலேயே
சரியாக உச்சரித்தாள்.